இரண்டா, நான்கா: டேல் மெக்நமாராவின் பட்டக் கணக்கும் அமெரிக்கக் கல்லூரி மகளிர் கோல்ஃப் வரலாறும்

ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா பல்கலைக்கழகத்தின் மகளிர் கோல்ஃப் அணியை 1974இல் உருவாக்கி, 2000இல் ஓய்வு பெறும் வரை இருபத்தாறு ஆண்டுகள் அதன் பயிற்சியாளராக இருந்தவர் டேல் மெக்நமாரா. அவருடைய அணி எத்தனை முறை தேசியப் பட்டம் வென்றது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழங்குகின்றன. பல்கலைக்கழகம் நான்கு என்கிறது: 1980, 1982, மறுபடியும் அதே 1982, பிறகு 1988. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.யின் பதிவேடு இரண்டு என்கிறது: 1982, 1988. இரண்டில் எதிலும் பொய் இல்லை. ஆனால் இந்தப் பாடபேதத்தைத் தீர்க்காமல் மெக்நமாராவின் பணிவாழ்வைப் பற்றி எழுதினால் அதில் பாதி விட்டுப்போகும். அதைவிட முக்கியமாக, கல்லூரி மகளிர் விளையாட்டில் பயிற்சியாளர் என்ற பணி எப்போது, யார் கையில் உருவானது என்பது பற்றி இன்று வழங்கும் பொதுக் கருத்தை இந்தச் சிறு முரண் அசைத்துப் பார்க்கிறது.

அந்தப் பொதுக் கருத்துக்கு ஆதாரமாக நிற்பது ஆர். விவியன் அகோஸ்டாவும் லின்டா ஜீன் கார்ப்பென்டரும் நடத்திய நெடுங்காலக் கணக்கெடுப்பு. புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர்களான இவ்விருவரும் 1977 தொடங்கி 2014 வரை அமெரிக்கக் கல்லூரிகளின் மகளிர் அணிகளைக் கணக்கெடுத்தார்கள். இந்தத் துறையில் எழுதும் எவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள், நானும்தான். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடை செய்த 'டைட்டில் நைன்' சட்டம் வந்த 1972இல் மகளிர் அணிப் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் பெண்கள். 1978இல் அது 58.2 ஆனது. 2014இல் 43.4. இந்த மூன்று எண்களிலிருந்து அவர்கள் காட்டும் வரலாறு ஒரு சரிவின் வரலாறு. பெண்களுக்கு ஆட இடம் கிடைத்தது, பயிற்றுவிக்கும் இடம் பறிபோனது. காரணத்தையும் அவர்கள் கல்லூரி விளையாட்டு நிர்வாகிகளிடம் கேட்டார்கள். தகுதியுள்ள பெண்கள் கிடைப்பதில்லை என்றார்கள் ஆண் நிர்வாகிகள். ஆண்கள் தங்கள் பழக்க வட்டத்துக்குள்ளேயே வேலையைக் கொடுத்துக்கொள்கிறார்கள் என்றார்கள் பெண் நிர்வாகிகள்.

எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. கோல்ஃபுக்கு அதை அப்படியே பொருத்துவதைத்தான் மறுக்கிறேன். முதலில் அந்த 90 என்ற எண். கணக்கெடுப்பு தொடங்கியது 1977இல். 1972க்கான எண் பின்னோக்கிச் சொல்லப்பட்டது. அது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் 1978க்கான எண்ணும் 1972க்கான எண்ணும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டவை அல்ல. ஒரே கோட்டில் அவற்றைக் குறித்துச் சரிவு வரைவதற்கு முன் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

இரண்டாவது, வகுக்கும் எண். அதே கணக்கெடுப்பின்படி ஒரு கல்லூரிக்குச் சராசரியாக 1970இல் 2.50 மகளிர் அணிகள், 1978இல் 5.61, 2014இல் 8.83. அணிகள் பெருகப் பெருகப் பணியிடங்களும் பெருகின. விழுக்காடு குறைந்தாலும் பெண் பயிற்சியாளர்களின் தலைக்கணக்கு குறைந்ததாகாது. இதை அகோஸ்டாவும் கார்ப்பென்டரும் அறியாதவர்கள் அல்லர். அந்த எண்களும் அவர்கள் தந்தவையே. அவர்களை மேற்கோள் காட்டுவோர்தான் முதல் வரிசை எண்களை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் என் முதன்மையான மறுப்பு. 1972இன் 90 விழுக்காட்டில் பெரும்பங்கு உடற்கல்வி ஆசிரியைகள். வகுப்பு எடுத்தது போக மீந்த நேரத்தில் அணியைக் கவனித்தவர்கள். அந்தப் பொறுப்பையும் 1980களின் முழுநேரப் பயிற்சியாளர் பதவியையும் ஒரே பணி என்று வைத்து, அது பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போயிற்று என்று சொல்வதானால், இரண்டும் ஒன்றே என்பதை முதலில் நிறுவ வேண்டும். கோல்ஃபைப் பொறுத்தவரை அது நிறுவப்படவில்லை. நிறுவ முடியாது என்பது என் துணிபு.

இதற்கு 1941க்குப் போக வேண்டும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் உடற்கல்விப் பிரிவின் தலைவராக இருந்த கிளாடிஸ் பாமர் அந்த ஆண்டு கல்லூரி மாணவியருக்கென முதல் தேசியக் கோல்ஃப் போட்டியை நடத்தினார். பெண்களுக்குப் போட்டி விளையாட்டு ஆகாது என்று உடற்கல்வித் துறைப் பெண்களின் அமைப்புகளே கருதிய காலம் அது. பாமரின் முயற்சியை எதிர்த்தவர்கள் அவருடைய சக ஆசிரியைகள். இருந்தும் போட்டி நடந்தது. அலபாமாவின் எலினோர் டட்லி வென்றார். அடுத்து உலகப் போர் குறுக்கிட்டது. போட்டி 1946இல்தான் மீண்டும் தொடங்கியது. அதன் பின் வென்றவர்களின் பட்டியலில் 1947இல் ஷர்லி ஸ்போர்க், 1949இல் மேரிலின் ஸ்மித் என்று பிற்காலத்தில் பெண்கள் தொழில்முறைக் கோல்ஃப் சங்கமான எல்.பி.ஜி.ஏ.வை நிறுவிய பதின்மூவரில் இருவர் பெயர்கள் வருகின்றன. 1960இல் ஜோஆன் குண்டர்சன். அந்தக் கால அமெரிக்கப் பெண்கள் கோல்ஃபின் சுருக்கமே அந்தப் பட்டியல் எனலாம்.

கவனிக்க வேண்டியது, அது தனியாள் வெற்றியாளர்களின் பட்டியல் என்பதைத்தான். அணிப் பட்டம் என்ற ஒன்று பதிவுகளில் தென்படுவது 1970ஐ ஒட்டித்தான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மாணவியர் தம் கல்லூரியின் பெயரைத் தாங்கி ஆடினாலும் தனித்தனியாகவே ஆடினார்கள். அவர்களுக்கு ஆட்டம் வந்தது தந்தையின் கிளப்பிலிருந்தோ, கிளப்பில் கற்றுக்கொடுக்கும் தொழில்முறை ஆட்டக்காரரிடமிருந்தோதான். கூடைப்பந்து அணிக்கு ஆசிரியை ஒருவர் இல்லாமல் முடியாது. கோல்ஃபுக்கு அவர் இல்லாமலும் முடிந்தது. ஆகவே கோல்ஃபில் 1970க்கு முன் பெண்களிடம் இருந்து பின்னர் பறிபோன ஒரு பதவியைத் தேடுவதில் பயனில்லை. அந்தப் பதவியே பிறகுதான் உருவானது. அது 1970இல் அணிப் பட்டத்தோடு தொடங்கிற்றா, 1972இன் சட்டத்தோடா, அதற்கும் அடுத்த ஆண்டின் உதவித்தொகை மாற்றத்தோடா என்பதை ஒரே ஆண்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. மூன்றும் நான்கு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தவை.

உதவித்தொகை மாற்றம் என்றது இதை: மகளிர் விளையாட்டை நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கம் 1971இல் தோன்றியபோது விளையாட்டுக்காக உதவித்தொகை பெறும் மாணவியரைத் தன் போட்டிகளில் ஆட விடவில்லை. ஃபுளோரிடாவின் மேரிமவுண்ட் கல்லூரியில் பணியாற்றிய பீச்சி கெல்மேயர் 1973 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். அது டென்னிஸ் வீராங்கனைகளுக்காக வந்த வழக்கு. சங்கம் அதே ஆண்டில் விதியை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டில் டல்சாவில் மகளிர் கோல்ஃப் அணி பிறக்கிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டும் ஆவணம் எதையும் நான் முன்வைக்கவில்லை. ஆனால் பழைய விதி நீடித்திருந்தால் சிறிய தனியார் பல்கலைக்கழகமான டல்சா நாடெங்குமிருந்து ஆட்டக்காரர்களை இழுத்திருக்க முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மெக்நமாரா உடற்கல்வித் துறையிலிருந்து வந்தவர் அல்லர். ஓக்லஹோமா மாநில அமெச்சூர் பட்டத்தைப் பலமுறை வென்ற ஆட்டக்காரர். டல்சா எண்ணெய்ப் பணம் புரண்ட நகரம். 1958, 1977 ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பன் நடந்த சதர்ன் ஹில்ஸ் கிளப் உள்ள ஊர். அந்த உலகத்திலிருந்துதான் அவர் பல்கலைக்கழகத்துக்குள் வந்தார். அகோஸ்டா, கார்ப்பென்டர் கதையில் இருப்பவர்கள் இருவகையினர்: வெளியேறும் ஆசிரியை, உள்ளே வரும் ஆண். இப்படி வெளியிலிருந்து வந்து புதிய பதவியை ஏற்ற பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை.

மெக்நமாராவைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் நான்சி லோப்பஸில் போய் நிற்கும். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் பள்ளி ஆண்கள் அணியில் ஆடி வளர்ந்த லோப்பஸ் டல்சாவில் சேர்ந்தார். 1976இல் தேசியத் தனியாள் பட்டம் வென்றார். இரண்டாண்டுப் படிப்போடு விலகி 1977இல் தொழில்முறைக்குப் போனார். 1978இல் ஒன்பது போட்டிகளில் வென்றார், அவற்றில் ஐந்து தொடர்ச்சியாக. இப்படி ஒருவர் தம் அணியில் ஆடினால் எந்தப் பயிற்சியாளரின் பெயரும் வெளியே தெரியத்தான் செய்யும்.

ஆனால் 1976இன் அணிப் பட்டம் டல்சாவுக்குப் போகவில்லை. அது தென் கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. பெட்ஸி கிங், பெத் டேனியல் என்று பின்னாளில் பெரும் பெயர் பெற்ற இருவர் அந்த அணியில் இருந்தார்கள். கல்லூரிக் கோல்ஃபின் இன்றைய வழக்கப்படி ஓர் அணிக்கு ஐவர் ஆடுவர். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நால்வரின் எண்ணிக்கை கூட்டப்படும். ஒருவர் எவ்வளவு குறைந்த அடிகளில் முடித்தாலும், நான்காமவர் தடுமாறினால் அணி தோற்கும். பயிற்சியாளரின் வேலை அந்த நான்காமவரிடம்தான் தெரியும்: அவரைத் தேர்ந்தெடுப்பதில், மழையிலும் காற்றிலும் அவர் நிலைகுலையாமல் பார்த்துக்கொள்வதில். டல்சாவின் முதல் அணிப் பட்டம் 1980இல், லோப்பஸ் போய் மூன்று ஆண்டுகளுக்குப் பின் வருகிறது. மெக்நமாராவை மதிப்பிட வேண்டிய ஆண்டு 1976 அல்ல, 1980. என்.சி.ஏ.ஏ. பதிவேட்டில் இல்லாத ஆண்டும் அதுவே.

ஏன் இல்லை? 1981 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தன் முதல் பிரிவிலும் மகளிர் போட்டிகளை நடத்த முடிவெடுத்தது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. வழக்குத் தொடுத்தது, 1982இன் நடுவில் இயங்குவதை நிறுத்தியது, பின்னர் வழக்கிலும் தோற்றது. இடையில் 1981-82 கல்வியாண்டில் ஒரே விளையாட்டுக்கு இரண்டு தேசியப் போட்டிகள் நடந்தன. டல்சா இரண்டிலும் அணிப் பட்டம் வென்றது. என்.சி.ஏ.ஏ. போட்டியில் தனியாள் பட்டமும் டல்சாவின் கேத்தி பேக்கருக்கே. அவர் 1985இல் யு.எஸ். மகளிர் ஓப்பன் வென்றவர். ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் தனியாள் பட்டம் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஏமி பென்ஸுக்குப் போயிற்று. ஒரே ஆண்டு, ஒரே பயிற்சியாளர், இரண்டு கோப்பைகள். ஒன்று பதிவேட்டில் ஏறியது, மற்றொன்று ஏறவில்லை.

மறுதரப்பு வாதம் ஒன்று உண்டு, அதை எளிதில் ஒதுக்க முடியாது. 1982இல் பல கல்லூரிகள் என்.சி.ஏ.ஏ. பக்கம் போய்விட்டதால் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. போட்டி வலுவிழந்திருக்கும், அதில் வென்றதைச் சமமாக எண்ணலாமா? என் பதில் ஏமி பென்ஸ். அவருடைய பல்கலைக்கழகம் 1979இல் தேசிய அணிப் பட்டம் வென்றது. அத்தகைய இடத்திலிருந்து வந்தவர் வென்ற போட்டியை வெற்றுப் போட்டி என்று தள்ள முடியாது. ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு வாதாடுகிறேன் என்பது எனக்கும் தெரிகிறது. ஆகவே 1982இன் இரண்டாவது பட்டத்தை அரைக் கணக்கில் வைப்போர் வைக்கட்டும். 1980க்கு அந்தச் சலுகைகூடத் தேவையில்லை. அப்போது கல்லூரிப் பெண்களுக்கு வேறு தேசியப் போட்டியே கிடையாது. போட்டியிட வேண்டிய எல்லோரும் அங்கேதான் போட்டியிட்டார்கள். அதை எண்ணாத பதிவேடு தன் நிர்வாகத் தொடக்கத்தையே விளையாட்டின் தொடக்கமாக வைத்துக்கொள்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இதே கதி: அதற்கு எட்டு பட்டங்கள் எண்ணப்படுகின்றன, 1975இன் பட்டம் எண்ணப்படுவதில்லை.

இந்த வெட்டு அகோஸ்டா, கார்ப்பென்டர் கருத்துக்கும் மறைமுகமாகத் துணை போகிறது. 1982இல் தொடங்கும் பட்டியலைப் படிப்பவருக்கு அதற்கு முன் ஆசிரியைகளின் காலம், பின் தொழில்முறையாளர்களின் காலம் என்றே தோன்றும். மெக்நமாரா கோட்டின் இரு பக்கமும் வென்றவர். அவரைப் பொறுத்தவரை 1982 ஒரு முறிவே அல்ல.

மெக்நமாரா ஒருவர்தான் விதிவிலக்கு என்று சொல்வார்களானால், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்டுப் பட்டங்களைக் காட்டுவேன். ஆறு, 1980 முதல் 2001 வரை அங்கே பயிற்சியாளராக இருந்த லின்டா வோல்ஸ்டெட்டுடையவை. 2009இன் பட்டம் மெலிஸா லூவெல்லனுடையது. 2017இன் பட்டம், வோல்ஸ்டெட்டின் 1990 அணியில் ஆடிய மிஸ்ஸி ஃபார்-கேயுடையது. எட்டும் பெண் பயிற்சியாளர்களின் கையால் வந்தவை. மறுபக்கம் டியூக் பல்கலைக்கழகத்தின் டான் புரூக்ஸ் இருக்கிறார். 1984இல் பொறுப்பேற்று ஏழு பட்டங்கள் வென்ற ஆண். ஆண்கள் வரவில்லை என்பதல்ல என் வாதம். வந்தபோது அங்கே ஏற்கெனவே அமர்ந்திருந்த பெண்கள் எழுந்து போய்விடவில்லை என்பதே. அமர்ந்த இடத்திலிருந்து அவர்கள் அடுத்த தலைமுறையையும் உருவாக்கினார்கள். மெலிஸா லூவெல்லன் டேல் மெக்நமாராவின் மகள். டல்சா 1988இல் அணிப் பட்டம் வென்றபோது தனியாள் பட்டம் வென்றவர் அவர்; 2000இல் தாய் ஓய்வு பெற்றதும் டல்சாவில் பயிற்சியாளரானவரும் அவரே.

இனி இந்தத் துறையில் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். தேசியப் பட்டங்களின் எண்ணிக்கையைத் தரும்போது எந்தச் சங்கம் நடத்திய போட்டி என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். மெக்நமாராவுக்கு ஏ.ஐ.ஏ.டபிள்யூ. இரண்டு, என்.சி.ஏ.ஏ. இரண்டு, ஆக நான்கு.