பிரான்ஸுக்குப் படிக்கப் போறீங்களா? லியோன் நகர இரவு வாழ்க்கை எப்படி இருக்கும்? மாணவர்களும் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டியவை!

2030-க்குள் 30 ஆயிரம் இந்திய மாணவர்களை வரவேற்பதே இலக்கு என 2024 ஜனவரியில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் அறிவித்தார். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பி.இ. முடிச்சிட்டு மேல்படிப்புக்கு பிரான்ஸைப் பார்க்கிறவங்க ஃபீஸ், விசா பத்தி நிறைய விசாரிக்கிறாங்க. ஆனா ராத்திரி 9 மணிக்கு ஹாஸ்டல் கேட் பூட்டிப் பழகிய பிள்ளைக்கு, கேட்டே இல்லாத ஊரில் இரவு எப்படி இருக்கும்? பிரான்ஸின் முக்கிய மாணவர் நகரங்களில் ஒன்றான லியோனை வைத்துப் பார்க்கலாம்.

இரவு எப்போ ஆரம்பிக்குது?

ஜூன் மாதம் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டு. சாப்பாடு 8 மணிக்கு மேல். டான்ஸ் கிளப்கள் களைகட்டுவது நள்ளிரவுக்குப் பிறகுதான். சட்டப்படி காலை 7 மணி வரை கிளப் திறந்திருக்கலாம். ஆனால் மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மது விற்பனையை நிறுத்தணும். வெள்ளிக்கிழமை பலர் சொந்த ஊருக்குக் கிளம்பிடுவதால், மாணவர் பார்ட்டிகளுக்குப் பேர்போனது வியாழன் இரவு.

எங்கே கூடுவாங்க?

ரோன் ஆற்றங்கரையில் நிற்கும் பழைய படகுகளே பார்களாக மாறியிருக்கின்றன. கரைப் படிக்கட்டில் காசு செலவில்லாமல் உட்கார்ந்து பேசுகிற கூட்டமும் அதிகம். இன்னொரு இடம், குருவா ரூஸ் மலைச்சரிவு. பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பகுதி இது. நம்ம ஊர் தறிக்கூடங்களில் ஓடுற ஜக்கார்டு, லியோனில் பிறந்த ஜக்கார்டின் பெயரில் வந்ததுதான். அந்தத் தறி உள்ளே நிற்கணும்னே சுமார் 4 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய வீடுகளை இங்கே இன்னும் பார்க்கலாம்.

குடிக்காதவங்க என்ன பண்றது?

ஒரு பிரச்சினையும் இல்லை. பாரில் 'சிரோ அ லோ' கேட்டால் பழ சிரப்பில் தண்ணீர் கலந்து தருவாங்க, விலையும் குறைவு. டிசம்பர் 8-ஐ ஒட்டி நடக்கும் ஒளித் திருவிழாவில், நம்ம கார்த்திகை தீபம் மாதிரி ஜன்னல் ஓரங்களில் விளக்கு ஏற்றுவாங்க. 1852-ல் தொடங்கிய வழக்கம் இது. ஜூன் 21 இசைத் திருநாளில் தெருவுக்குத் தெரு கச்சேரி. ரெண்டுமே இலவசம்.

சட்டம் என்ன சொல்லுது?

• மது வாங்க 18 வயது ஆகியிருக்கணும். தமிழ்நாட்டில் இது 21. அடையாள அட்டை கேட்பாங்க.
• 'ஐரோப்பாவில் கஞ்சா ஓகே' என்பது பிரான்ஸில் பொய். பயன்படுத்தி சிக்கினால் அந்த இடத்திலேயே 200 யூரோ அபராதம் விதிக்கலாம்.
• இரவு 10 மணிக்கு மேல் ரூமில் ஸ்பீக்கரை அலறவிட்டால் 68 யூரோ அபராதம் வரலாம்.
• எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் ரெண்டு பேர் போனால் 135 யூரோ.

திரும்பி வருவது எப்படி?

முக்கியமான கேள்வியே இதுதான். வார நாட்களில் மெட்ரோ நள்ளிரவு 12.30 வாக்கில் நின்றுவிடும். வெள்ளி, சனி இரவுகளில் ஏ, பி, டி பாதைகள் அதிகாலை 2 மணி வரை ஓடும். மாணவர்கள் குவியும் வியாழன் இரவு இந்த நீட்டிப்பு கிடையாது. அங்கேதான் பலரும் மாட்டிக்கிறாங்க. 'ப்ளேன் லூன்', அதாவது முழு நிலவு என்ற பெயரில் இரவுப் பேருந்துகளும் உண்டு. அன்றைய நேரத்தை டி.சி.எல். செயலியில் பார்த்துவிட்டே வீட்டைவிட்டுக் கிளம்புங்க.

படிக்கும்போது ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு. உணவகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன்பே கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்கங்க.

ஆபத்துன்னா யாரைக் கூப்பிடுவது?

• 112: எந்த அவசரத்துக்கும்
• 17: போலீஸ்
• 15: மருத்துவ உதவி
• 18: தீயணைப்பு
• 114: பேச முடியாத சூழலில் குறுஞ்செய்தி அனுப்பலாம்

யாராவது தொல்லை கொடுத்தால், 'ஏஞ்சலா' திட்டத்தில் இருக்கும் பார்களில் ஊழியரிடம் 'ஏஞ்சலா எங்கே?' என்று கேட்டால் போதும். விஷயம் புரிந்து உதவுவாங்க. கிளாஸை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீங்க. போனவங்க திரும்பி வந்து அதையே குடிக்கவும் வேண்டாம்.

பெற்றோர் கவனத்துக்கு

கோடையில் லியோன் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அங்கே இரவு 11 மணிக்குப் பிள்ளை சிக்கலில் மாட்டினால், குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை 3.30. நீங்க போனை எடுத்தாலும் இங்கிருந்து செய்யக்கூடியது குறைவு. 'ராத்திரி வெளியே போகாதே' என்பதைவிட, 'கூட யார் வர்றாங்க, எந்த வண்டியில திரும்புவே, அதே ஊரில் யாருக்கு முதல்ல போன் பண்ணுவே' என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்க. மூன்றுக்கும் பதில் இருந்தால், நீங்களும் நிம்மதியா தூங்கலாம்.