கூட்டுப் பணமும் லோயர் கணக்கும்

போன வருஷம் கிள்ளானில் ஒரு அப்பார்ட்மெண்ட் வாங்கினேன். முதல் வீடு. லோயர் ஆபிஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கிராணி அக்கா ஒரு பாரத்தை நீட்டினார். அதில் 'பணம் எங்கிருந்து வந்தது?' என்று ஒரு கட்டம். முன்பணத்தில் என் சேமிப்பு இருந்தது, இ.பி.எஃப். இருந்தது. மிச்சம் 8,000 வெள்ளி அம்மா கொடுத்தது. தாமானில் 20 பெண்கள் மாதம் 400 வெள்ளி போட்டு நடத்தும் கூட்டில் அம்மாவின் முறை வந்தபோது எடுத்த பணம்.

"கூட்டுன்னு எழுதலாமா அக்கா?"

"ஐயோ, அதெல்லாம் எழுதாதீங்க தம்பி. குடும்பச் சேமிப்புன்னு போடுங்க, போதும்."

அப்படியே போட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மலேசியாவில் கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று ஒன்று 1971-இலிருந்து இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பிலும் 'கூட்டு' என்றுதான் இருக்கிறது. நாம் இந்த நாட்டின் சட்டப் புத்தகத்துக்குக் கொடுத்த சொல், தடை செய்யப்பட்ட ஒன்றின் பெயராக உட்கார்ந்திருக்கிறது.

சரி, பணம் எங்கிருந்து வந்தது என்று லோயர் எதற்குக் கேட்க வேண்டும்? அவர் போலீஸ் இல்லையே?

பழைய சட்டம் நேர் எதிராகத்தான் இருந்தது. கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியே சொல்லக் கூடாது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அது. அந்தச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட நம் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் அதே 126-ஆம் பிரிவுதான். அரசாங்கத்துக்கு எதிரில் நிற்கிற சாதாரண மனிதனுக்கு மனம் விட்டுப் பேச ஓர் ஆளாவது வேண்டும் என்பது அதன் நியாயம். சட்டவிரோத நோக்கத்துக்காகப் பேசியதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கும் அதிலேயே உண்டு. ஆனால் நோக்கம் என்னவென்று கேட்காத வரை விலக்குக்கு வேலையே இல்லை.

1989-இல் பாரிஸில் ஜி-7 நாடுகள் எஃப்.ஏ.டி.எஃப். என்ற பணிக்குழுவை அமைத்தன. அடுத்த ஆண்டு 40 பரிந்துரைகள் வந்தன. முதலில் குறிவைக்கப்பட்டவை வங்கிகள். வங்கிக் கதவு இறுகியதும் கள்ளப் பணம் பக்கத்துக் கதவைத் தட்டியது. கம்பெனி பதிந்து தருகிறவர், கணக்காளர், வீடு வாங்கித் தருகிற வழக்கறிஞர். 2003-இல் திருத்திய பரிந்துரைகள் இவர்களையும் உள்ளே இழுத்தன. நீதிமன்றத்தில் வாதாடும் வேலைக்கு அல்ல. சொத்து வாங்கி விற்பது, கட்சிக்காரர் பணத்தைக் கையாள்வது, கம்பெனி உருவாக்குவது போன்ற வேலைகளுக்கு மட்டும்.

மலேசியாவின் பணமோசடித் தடுப்புச் சட்டம் 2001-இல் வந்தது. வழக்கறிஞர்கள் 2004-இல் அதன் கீழ் வந்தார்கள். சந்தேகம் வந்தால் பேங்க் நெகாராவுக்கு அறிவிக்க வேண்டும், அறிவித்ததைக் கட்சிக்காரரிடம் சொல்லக் கூடாது. அக்கா நீட்டிய பாரத்தின் பூர்வீகம் இதுதான்.

இத்தனை கதவுக்கும் காவல் போட்ட பிறகுதான் 1எம்டிபி நடந்தது.

2009 செப்டம்பர் 30 அன்று 1எம்டிபி 100 கோடி அமெரிக்க டாலரை வெளியே அனுப்பியது. அதில் 70 கோடி, ஜோ லோவின் குட் ஸ்டார் என்ற செஷல்ஸ் கம்பெனிக்குப் போனது. அடுத்த ஓராண்டுக்குள் அங்கிருந்து சுமார் 36.8 கோடி டாலர், அமெரிக்காவில் ஷேர்மன் அண்ட் ஸ்டெர்லிங் என்ற வழக்கறிஞர் நிறுவனத்தின் கட்சிக்காரர் கணக்குக்கு வந்ததாக அமெரிக்க நீதித் துறையின் வழக்கு ஆவணம் சொல்கிறது. மாளிகை, ஹோட்டல், ஜெட் விமானம், சூதாட்டம் எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கு வழியாகப் பணம் போனது. நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டப்படவில்லை. எஃப்.ஏ.டி.எஃப்.பைத் தொடங்கிய நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. ஆனால் சந்தேகப் பரிவர்த்தனையை வழக்கறிஞர் அறிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே அன்று இல்லை.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிய எனக்கு என் வேலை உதவியது. ஆலையில் பல குழாய்கள் ஒரே பெரிய குழாயில் சேரும். அதை ஹெடர் என்போம். ஹெடருக்கு அப்புறம் நின்று பார்க்கிறவனுக்கு எந்தத் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று தெரியாது. கட்சிக்காரர் கணக்கும் அப்படித்தான். பல பேரின் பணம் ஒரே கணக்கில் கிடக்கும். வெளியே இருக்கும் வங்கிக்குத் தெரிவது வழக்கறிஞரின் பெயர் மட்டும். உள்ளே வருகிற ஒவ்வொரு குழாயையும் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பவர் அந்த வழக்கறிஞர்தான். அவர் கேட்கவில்லை என்றால் வேறு யாராலும் கேட்க முடியாது.

கணக்காளர்கள் கதை இன்னும் நீளம். எர்ன்ஸ்ட் அண்ட் யங் கையெழுத்துப் போடாமலேயே 2010-இல் மாற்றப்பட்டது. அடுத்து வந்த கே.பி.எம்.ஜி. மூன்று ஆண்டுக் கணக்குகளுக்குக் கையெழுத்துப் போட்டது, 2013-இல் அதுவும் மாற்றப்பட்டது. பிறகு டெலாய்ட். பின்னாளில் இந்த இரண்டு நிறுவனங்களுமே, நாங்கள் கையெழுத்திட்ட அறிக்கைகளை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டன. 2021-இல் மலேசிய அரசாங்கத்தோடு சமரசமாகி டெலாய்ட் 32.4 கோடி ரிங்கிட்டும் கே.பி.எம்.ஜி. 33.3 கோடி ரிங்கிட்டும் கொடுக்க ஒப்புக்கொண்டன.

இதில் ஒரு வேடிக்கை. மலேசியா எஃப்.ஏ.டி.எஃப்.பின் முழு உறுப்பினரானது 2016 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூலையில்தான் அமெரிக்க நீதித் துறை 1எம்டிபி சொத்துகள் மீது வழக்குப் போட்டது. காகிதத்தில் நாம் பாஸ்.

8,000 வெள்ளிக்கு ஒரு பாரம், 70 கோடி டாலருக்கு ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டால் எல்லாரும் தலையாட்டுவோம். முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன், ஏனென்றால் அது முழு உண்மை இல்லை. பெரிய இடத்திலும் பாரங்கள் இருந்தன, கட்டங்கள் இருந்தன, யாரோ ஏதோ எழுதி நிரப்பினார்கள். 'கடன்', 'முதலீடு', 'அன்பளிப்பு'. எழுதியதைப் படித்த யாரோ ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் கட்சிக்காரர் போய்விடுவார்.

கிராணி அக்கா என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். அம்மாவின் கூட்டில் களவு இல்லை, இருபது பெண்களின் வியர்வை இருக்கிறது. ஆனால் அங்கே நடந்ததும் அதே காரியம்தான். காவலுக்கு நின்றவரே கட்டத்தில் என்ன எழுதினால் பிரச்சினை வராது என்று சொல்லிக் கொடுத்தார். நானும் எழுதினேன்.

சாவி கிடைத்த அன்று அம்மா பால் காய்ச்சினார். கூட்டுக்கு இன்னும் 7 மாதம் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கிறோம்.