விழுந்தவர்களுக்குத் திறந்த கதவு



ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வந்தாலும், கோவிலின் கடைசியிலேயே நின்றுவிட்டு, நற்கருணை வாங்காமல் திரும்பிப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. கேட்டால், "எனக்குத் தகுதி இல்லை சாமி" என்பார்கள். எப்போதோ செய்த ஒரு பாவம் மனத்தை அரிக்கும். அதற்கும் கடவுள் மன்னிப்புத் தருவாரா என்ற சந்தேகம் காலைப் பின்னுக்கு இழுக்கும். இதே சந்தேகம் ஒரு காலத்தில் திருஅவை முழுவதையும் உலுக்கியது. அந்த வரலாற்றை இன்று நினைவுகூர்வோம்.

கி.பி. 249-ஆம் ஆண்டில் தேசியுஸ் என்பவர் உரோமைப் பேரரசரானார். குடிமக்கள் அனைவரும் அரசின் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். அதிகாரிகளின் கண் முன்னே பலியிட்டு, பலிப்பொருளை உண்டால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அத்தகைய சான்றிதழ்கள் 40-க்கும் மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலில் புதைந்திருந்து நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன. மறுத்தவர்களுக்குச் சிறை, சித்திரவதை, சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல். 250-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் திருத்தந்தை ஃபபியான் மறைசாட்சியாக இறந்தார்.

இன்றைய துனிசியா நாட்டில் உள்ள கார்த்தேஜ் நகரில் அப்போது ஆயராக இருந்தவர் சிப்ரியான். நீண்ட காலம் வேதகலாபனை இல்லாமல் இருந்ததால் அங்கே கிறிஸ்தவர்களின் விசுவாசம் தளர்ந்திருந்தது. ஆணை வந்ததும், யாரும் பிடித்து இழுக்காமலே பலர் பலியிட ஓடினார்கள். "பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள்" என்று அதிகாரிகளே சொல்ல வேண்டிய அளவுக்குக் கூட்டம் என்று சிப்ரியான் வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். வேறு சிலர் பலியிடவில்லை. ஆனால் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாரும் ஒரே விதமாக விழவில்லை. போனா என்ற பெண்ணை அவளது கணவனே இழுத்துப் போனான். பிறர் அவள் கைகளைப் பிடித்துப் பலியிட வைத்தார்கள். 'இதை நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள்' என்று அவள் அங்கேயே கதறினாள், அதற்காக நாடுகடத்தப்பட்டாள். இன்னும் சிலர் முதலில் பயந்து பலியிட்டார்கள். இரண்டாம் முறை விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது, வீடும் நிலமும் போனாலும் போகட்டும் என்று உறுதியாக நின்றார்கள். இவர்களை மீண்டும் ஏற்கலாமா என்று ஓர் ஆயர் கடிதம் எழுதிக் கேட்டார். ஏற்கலாம் என்றே சிப்ரியான் பதில் எழுதினார்.

கலாபனை தணிந்தபோது, விழுந்தவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அப்போது இரண்டு குரல்கள் எழுந்தன. ஒரு சாரார், "உடனே சேர்த்துக்கொள்ளுங்கள், தவமெல்லாம் எதற்கு?" என்றார்கள். உரோமையில் நொவாசியன் என்ற குரு இதற்கு நேர்மாறாக, "கிறிஸ்துவை மறுதலித்தவனை மன்னிக்கத் திருஅவைக்கு அதிகாரமே இல்லை" என்றார். 251-ஆம் ஆண்டு கொர்னேலியு திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருக்கு எதிராகத் தானும் ஆயராகத் திருநிலைப்பாடு பெற்று, திருஅவையைப் பிளக்கவும் நொவாசியன் துணிந்தார்.

அதே ஆண்டு பாஸ்கா விழாவுக்குப் பின் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். சிப்ரியானுக்கும் அது எளிதான வேளையல்ல. கலாபனையின்போது மறைவிடத்திலிருந்து மந்தையை வழிநடத்திய அவரை, ஓடி ஒளிந்தார் என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். ஆயர்கள் இரு குரல்களையும் ஏற்கவில்லை. ஒவ்வொருவரின் நிலைமையையும் தனித்தனியே விசாரிக்க முடிவு செய்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கி மனம் வருந்தியவர்களை ஏற்கலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்ய வேண்டும். தவத்தில் இருப்பவர் சாகும் தறுவாயில் இருந்தால் அவருக்குத் திருஅவையின் சமாதானத்தை மறுக்கக் கூடாது. உரோமையில் திருத்தந்தை கொர்னேலியுவும் 60 ஆயர்களைக் கூட்டி, நொவாசியனின் கொள்கையைப் புறக்கணித்தார்.

சில காலத்திலேயே மீண்டும் கலாபனை வரும் அறிகுறி தெரிந்தது. அப்போது ஆப்பிரிக்க ஆயர்கள் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார்கள். தவத்தில் இருந்த எல்லாரையும் உடனே நற்கருணைப் பந்திக்கு அழைத்தார்கள். ஆண்டவரின் கிண்ணத்திலிருந்து பருகாதவரை, ஆண்டவருக்காக இரத்தம் சிந்தச் சொல்வது எப்படி என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. நற்கருணை, நல்லவர்களுக்குத் தரும் பரிசு மட்டுமல்ல; மறுபடியும் விழாமல் நிற்க பலவீனருக்குத் தரும் உணவும்கூட என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பிரியமானவர்களே, "பாவமா, அது ஒன்றுமில்லை" என்று சொல்வது அன்பு ஆகாது. புண்ணை மூடி மறைக்கிற மருத்துவர் நோயாளியைக் கொன்றுவிடுவார். "உனக்கு இனி வழியே இல்லை" என்பதும் பக்தி ஆகாது. மூச்சு இருக்கும்போதே ஒருவரைப் பிணம் என்று ஒதுக்குவதற்கு அது சமம். மூன்று முறை மறுதலித்த பேதுருவை ஆண்டவர் உதறவில்லை. உயிர்த்தபின் அவரிடம் அன்பைப் பற்றியே கேட்டார். ஆடுகளையும் அவரிடமே ஒப்படைத்தார்.

திருத்தந்தை கொர்னேலியு நாடுகடத்தப்பட்டு 253-ஆம் ஆண்டு இறந்தார். ஒளிந்தவர் என்று ஏசப்பட்ட சிப்ரியான், 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் கார்த்தேஜில் தலைவெட்டப்பட்டு மறைசாட்சியானார். விழுந்தவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்த இருவரையும் திருஅவை செப்டம்பர் 16-ஆம் நாள் ஒன்றாகவே கொண்டாடுகிறது. முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் அவர்கள் பெயர்கள் அடுத்தடுத்து ஒலிக்கின்றன.

கடைசி வரிசையில் நிற்கும் சகோதரரே, சகோதரியே, கார்த்தேஜில் அழுதுகொண்டு வந்தவர்களுக்குக் கிடைத்த மன்னிப்பு உங்களுக்கும் உண்டு. நம் பாட்டிமார் பாவசங்கீர்த்தனம் என்று சொன்ன அந்த ஒப்புரவு அருளடையாளத்தை நாடி இந்த வாரமே வாருங்கள். எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கூச்சப்பட வேண்டாம். தந்தை ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை, வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு திருவிருந்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆமென்.