காட்டை அளந்த கோடுகள்

முதல் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நார்வே, பின்லாந்து, சுவீடன் ஆகியவை அடுத்தடுத்துத் தத்தம் காடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, மரமே பெருஞ்செல்வமாயிருந்த அந்நாடுகளுக்கு இருப்பு எவ்வளவு என்பதோடு அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரிய வேண்டியிருந்தது. பின்லாந்தில் இர்யோ இல்வெசாலோ 1921 முதல் 1924 வரை நடத்திய கணக்கெடுப்பில், 26 கிலோமீட்டர் இடைவெளியில் இணைகோடுகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வகுக்கப்பட்டன. அந்நாட்டின் மேட்டுத்தொடர்களும் ஏரிகளும் பெரும்பாலும் வடமேற்கு–தென்கிழக்காக நீண்டு கிடப்பதால், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடு மேடு, சதுப்பு, வளமண் அனைத்தையும் ஏறத்தாழ உரிய விகிதத்தில் தொட்டுவிடும்.

இவ்வாறு சம இடைவெளியில் கூறுகளை எடுப்பது முறைசார் கூறெடுப்பு எனப்படும். சமவாய்ப்புக் கூறெடுப்பில் கூறுகள் ஒன்றையொன்று சாராமல் தேர்ந்தெடுக்கப்படுவதால், அவற்றின் சிதறலைக் கொண்டே மதிப்பீட்டின் பரவற்படியை, அதாவது கணக்கெடுப்பைத் திரும்பத் திரும்ப நடத்தினால் மதிப்பீடு தன் சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கச் சராசரியை, கணக்கிட்டுவிடலாம். முறைசார் கூறெடுப்பிலோ முதல் கோட்டின் இடம் முடிவானதுமே மற்றவையும் முடிவாகிவிடுகின்றன. கோடுகள் எத்தனை ஆனாலும் தேர்வு ஒன்றே, அந்த ஒற்றைத் தேர்விலிருந்து பரவற்படியைப் பிறழ்ச்சியின்றி மதிப்பிட வழியில்லை. சமவாய்ப்புச் சூத்திரத்தை அப்படியே போட்டால், வடக்கே போகப் போகக் காடு மெலிவது போன்ற படிப்படியான மாற்றமும் பிழைக்கணக்கில் ஏறி, நல்ல அளவீடே மோசமானதாகத் தோன்றும்.

மைய எல்லைத் தேற்றத்தால் புகழ்பெற்ற பின்லாந்துக் கணிதவியலாளர் லிண்டெபெர்க், பக்கத்துப் பக்கத்துக் கோடுகளின் வேறுபாடுகளைக் கொண்டு பிழையை மதிப்பிடும் வழியை 1924இல் முன்வைத்தார். வேறுபாடு எடுக்கும்போது மெதுவான மாற்றம் பெரும்பாலும் கழிந்துபோகிறது. அது ஏன் பலிக்கிறது, எப்போது பலிக்காது என்பதை அடிப்படையிலிருந்து விளக்கியவர் சுவீடனின் வனவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பெர்ட்டில் மாட்டேர்ன். 1947இல் வெளிவந்த ஆய்விலும் 1960இல் வெளிவந்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அவர் காட்டை ஒரு சமவாய்ப்புச் செயல்முறையின் விளைவாகக் கருதி, இரு இடங்களுக்கு இடையிலான ஒட்டுறவு தூரம் கூடக் கூட எவ்வாறு குறைகிறது என்பதற்கு ஒரு புள்ளியியல் மாதிரி வகுத்தார். அந்தச் சார்பு தெரிந்தால் எந்த இடைவெளிக்கும் பரவற்படியைக் கணித்துவிடலாம். மாதிரி தவறினால் கணிப்பும் தவறும் என்பது மெய்யே. ஆயினும் சூத்திரத்துக்குள் மறைந்துகிடந்த அனுமானத்தை எவரும் சோதித்துப் பார்க்கும்படி வெளியே கொண்டுவந்ததுதான் அவருடைய பெரும்பணி. பின்லாந்தின் பிற்காலக் கணக்கெடுப்புகளில் கோடுகளுக்குப் பதிலாகக் கூறிடத் தொகுதிகள் வந்த பிறகும், அண்டைத் தொகுதிகளை ஒப்பிட்டுப் பிழையை மதிப்பிடும் அவருடைய முறையே கையாளப்பட்டது.