பச்சைமலை நாடுகள்: நிலமும் வரலாறும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு பெரும்பாலும் சமவெளியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்கைகொண்ட சோழபுரமும் சோழகங்கப் பேரேரியும் இராசேந்திரனின் புகழைப் பேசி நிற்கின்றன. இரஞ்சன்குடிக் கோட்டையும், 1751-இல் வாலிகண்டபுரப் பகுதியில் நடந்த போரும் கருநாடகப் போர்களின் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. ஆயின் இந்நிலத்தின் மேற்கெல்லையில் நீலக்கோடாய்த் தோன்றும் பச்சைமலைக்கு அத்தகைய ஏடு வாய்க்கவில்லை. அண்டையிலுள்ள கொல்லிமலைக்கு வல்வில் ஓரி என்னும் வள்ளலும், அவனைப் பாடிய சங்கப் புலவரும் கிடைத்தனர். பச்சைமலைக்கு அப்பேறு இல்லை. அதனால் அதற்கு வரலாறே இல்லை எனல் பொருந்தாது. அவ்வரலாறு ஊர்ப்பெயரிலும் வழிவழிக் கதையிலும் உழுநிலத்திலும் பதிந்து கிடக்கிறது.

மலையும் நீரும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய பச்சைமலை, இன்று திருச்சிராப்பள்ளி, சேலம், பெரம்பலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. அதன் மேட்டுநிலங்கள் ஏறத்தாழ 500 முதல் 1,000 மீட்டர் வரை உயர்ந்தவை. மூங்கிலும் இலையுதிர் மரங்களும் நிறைந்த சரிவுகளில் மழைக்காலத்தில் மட்டுமே பெருகும் ஓடைகள் பல. கல்லாறு வடபுறம் சென்று வெள்ளாற்றின் நீர்வழியோடு சேர்கிறது. விசுவக்குடியில் பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே அதன் குறுக்கே அணை எழுந்துள்ளது. மலையடிவாரத்தில் பிறக்கும் மருதையாறோ பெரம்பலூரையும் அரியலூரையும் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. மலையே இல்லாத அரியலூர் மாவட்டத்தின் வயல்களும் மலைமழையை அறிந்திருப்பது இவ்வாற்றினால்தான்.

இவ்வுறவு மனிதருக்கு முற்பட்டது. அரியலூர்ப் பகுதி ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது. அக்கடலுக்கு மேற்கே நின்ற பழம்பாறை நிலத்தின் எச்சங்களுள் பச்சைமலையும் ஒன்று. நிலத்தில் வளர்ந்து கடலடிச் சேற்றில் புதைந்து கல்லாகிய சாத்தனூர் மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டு மூப்புடையது. நிலவியலறிஞர் எம். எசு. கிருட்டிணன் 1940-இல் அதனைக் கண்டறிந்து உலகறியச் செய்தார்.

பெயரும் கதையும்

பச்சைமலையின் குடிகள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்களுக்கு மொழியுறவு இல்லை. இவர்தம் தாய்மொழி தமிழே. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது. மலையடிவாரத்து மலையாளப்பட்டி என்னும் ஊர்ப்பெயரும் இவர்களையே சுட்டுகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் மலையேறினர் என்றும், சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மூன்றிலும் தனித்தனியே குடியமர்ந்தனர் என்றும் இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் இக்கதையின் வடிவங்களைப் பதிவு செய்துள்ளது. இதனை நாள், ஆண்டு கொண்ட சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் கதை தரும் செய்தி ஒன்று நோக்கத்தக்கது. காட்டில் தோன்றியவராக இம்மக்கள் தம்மைக் கருதவில்லை. சமவெளி உழவராயிருந்து மலையேறியவராகவே கருதுகின்றனர். கவுண்டர் என்னும் பட்டத்தை அவர்கள் தாங்குவதும் இந்நினைவோடு ஒத்துச் செல்கிறது.

நாடும் உழவும்

வண்ணாடு, தென்புறநாடு, கோம்பைநாடு என்பன பச்சைமலையின் உட்பிரிவுகள். சோழர் கல்வெட்டுகளைக் கற்றோர்க்கு இச்சொல்லின் அருமை விளங்கும். ஊர்கள் பல கூடியது நாடு. நாட்டார் கூடி முடிவெடுப்பது வழக்கம். சமவெளியில் அவ்வமைப்புப் பெரிதும் கல்வெட்டுச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. மலையிலோ ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டுக்கவுண்டர் என அது வாழ்வின் முறையாகவே நெடுங்காலம் நிலைத்தது. வழக்கும் மணமும் விழாவும் அவர்கள் முன்னிலையிலேயே தீர்ந்தன.

குறிஞ்சி என்றதும் தேனும் தினைப்புனமும் கிளியோட்டும் மகளிரும் நினைவில் எழுவது இலக்கியப் பயிற்சியின் விளைவு. பச்சைமலையில் காணப்படுவது ஏரும் எருதும் கொண்ட உழவு. பள்ளங்களில் நெல்லும், மேட்டில் சாமையும் கேழ்வரகும் விளைந்தன. திணை வகையால் குறிஞ்சியாகிய நிலத்தில் முல்லையின் வரகும் சாமையும் மருதத்தின் நெல்லும் ஒருங்கே வாழ்ந்தன எனலாம். பின்னாளில் மரவள்ளியும் முந்திரியும் இந்நிலங்களைப் பெரிதும் பற்றிக்கொண்டன. மரவள்ளிக் கிழங்கு சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. அதன் விலையும் மலைக்குக் கீழேயே முடிவாகிறது. உண்பதற்கு விளைந்த நிலம் விற்பதற்கு விளையத் தொடங்கியது இம்மலை கண்ட பெருமாற்றமாகும். சிறுதானிய விதைகளும் அவற்றைச் சுற்றிய சடங்குகளும் அம்மாற்றத்தில் மெலிந்தன. கீழே ஒரு செங்காட்டுப்பட்டி இருப்பதால் மேலுள்ள ஊருக்கு டாப் செங்காட்டுப்பட்டி எனப் பெயர் அமைந்தது. மலைமேல் ஊர் கீழ்நோக்கியே அடையாளம் பெற்றமைக்கு இதுவும் ஒரு சான்று.

காடும் சட்டமும்

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை ஒதுக்குக்காடு என வரையறுக்க வழிவகுத்தது. ஆடு மேய்த்தல், விறகு எடுத்தல், புனம் திருத்தல் என்பனவெல்லாம் இசைவு வேண்டும் செயல்களாயின. நேற்றுவரை வழக்காயிருந்தது சட்டத்தின் முன் குற்றமாக நின்றது.

விடுதலைக்குப் பின்னும் எல்லைக்கோடே வாழ்வை வகுத்தது. 1976-இல் திருத்தப்பட்ட பழங்குடியினர் பட்டியல், மலையாளிகளை மாவட்டப் பெயர் சுட்டியே ஏற்றது; அதில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. 1995-இல் பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தின் மலையாளிகள் அவ்வழியே உரிமை பெறுகின்றனர். ஈரோட்டு மலைகளில் வாழும் மலையாளிகளோ பட்டியலில் தம் மாவட்டப் பெயர் இன்மையால் நெடுங்காலமாகக் கோரிக்கையோடு நிற்கின்றனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே காட்டு நிலத்தில் உழுது வாழ்ந்த பழங்குடியினரின் உரிமையை ஏற்றது. ஆயினும் தமிழகத்தில் உரிமைப் பட்டம் வழங்குதல் 2008-இல் எழுந்த நீதிமன்றத் தடையால் 2016 வரை தாமதமாயிற்று.

முடிவாக

பச்சைமலையின் பட்டயங்கள், எல்லைகள், விலைகள் யாவும் கீழிருந்தே எழுதப்பட்டன. மலை தன்னைப் பற்றிச் சொன்னவை கதையாகவும் நாட்டுப் பெயராகவும் விதைப்புப் பாடலாகவும் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றைச் சொல்லத் தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். இவ்விரு மாவட்டக் கவிஞர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. ஏட்டுக் குறிஞ்சியை மலைமேல் ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு புனத்துக்கும் ஓடைக்கும் அம்மக்கள் இட்ட பெயரை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிவைத்தல் வேண்டும். அப்பெயர்ப் பட்டியலே பச்சைமலையின் முதல் ஏடாக அமையும்.