பௌதிகவியலைத் தாமே கற்போரும் அவர்தம் முதற் புத்தகமும்

இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலே தன் பட்டப் பரீட்சைகளைக் கல்லூரியிற் பயிலாதார்க்கும் திறந்துவிட்டது. கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது 1921இல். அதுவரையில் விஞ்ஞானப் பட்டம் நாடிய இலங்கையர்க்குக் கடல் கடந்து செல்லல், அன்றேல் அப்பரீட்சைக்குத் தாமே படித்தல் என்னும் இரண்டே வழிகள் இருந்தன. இலண்டனிலிருந்து பாடத்திட்டம் வந்தது, ஆசிரியர் வரவில்லை. புத்தகமே ஆசிரியராயிற்று. அதனைத் தேர்வதிற் பிழைத்தவனுக்கு ஓராண்டு வீணாயிற்று.

தமிழில் அத்தகைய நூல் இருந்ததோ? வட்டுக்கோட்டைச் செமினரியில் (1823–1855) இயற்கைத் தத்துவம் என்ற பெயரில் பௌதிகம் கற்பிக்கப்பட்டது, ஆயினும் ஆங்கிலத்திலேயே. வைத்தியர் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு, இரசாயனத்துக்கும் 'கெமிஸ்தம்' என்னும் நூலை 1875இல் தந்தார். காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், ஆசிரியப் பணியினூடே இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டுச் செல்வதைக் காண்போர், பௌதிகம் கற்ற கை அதனை எழுதியதென்பதை உணர்வர்.

சென்னையிலும் கொழும்பிலும் ஒரே சொற்றொகுதி நிலைத்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. 1950களிலும் 1960களிலும் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தனக்கெனச் சொற்றொகுதிகளை வகுத்தது. தமிழ்நாடு தன்வழியே சென்றது. நாம் ஆர்முடுகல் என்பதை அங்கே முடுக்கம் என்பர். நமது வலு அவர்களுக்குத் திறன். இவை வெறும் புதுச் சொற்கள். அகராதி கொண்டு தீர்த்துக்கொள்ளலாம். இடர் விளைப்பன இருகரைக்கும் பொதுவாய் நின்று பொருள் மாறிய சொற்களே. நமது வேகம் திசையுடையது, கதி திசையற்றது. அவர்களோ திசையற்றதையே வேகமென்று, மற்றதைத் திசைவேகமென்பர். எல்லாவற்றினும் கொடியது 'நிறை'. நமக்கு அது புவி இழுக்கும் விசை. பொருளின் அளவைத் திணிவு என்போம். தமிழ்நாட்டிலோ அவ்வளவே நிறை, விசை எடை. 'ஒரு பொருளின் நிறை சந்திரனிலும் மாறாது' என்னும் வாக்கியம் சென்னையில் உண்மை, கொழும்பிற் பிழை. வெள்ளவத்தையிலோ களுபோவிலையிலோ தனித்திருந்து படிக்கும் மாணவன் இவ்வாக்கியத்தைக் கண்டால், பிழை தன் அறிவிலுள்ளதென்றே எண்ணுவான். அருகே கேட்பதற்கு ஒருவருமில்லை.

ஆதலால் உயர்தர வகுப்புக்கு முற்பட்ட மாணவன் இலங்கைச் சொற்களில் அமைந்த நூலையே முதலிற் கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டு நூல் தாழ்ந்ததென்பது கருத்தன்று. அஃது இரண்டாவதாக வரட்டும். பொழுதுபோக்காய்ப் படிக்க, ருஷ்யாவில் 1913இல் முதலில் வெளிவந்த பெரெல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' தமிழிலும் உண்டு. அதனாற் பரீட்சைப் புள்ளி ஏறாது. ஆயினும் கேள்வி கேட்கும் பழக்கம் ஏறும்.

உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்போர் நிலை வேறு. தமிழிற் கற்ற அவர்களை அங்கே எதிர்கொள்வது ஆங்கிலம். இம்மாதங்களில் ஓர் ஆங்கில நூலை இருமொழிச் சொற்குறிப்புடன் படித்தல் நலம். நெல்கன், பாக்கர் இருவரின் நூல் (1958) நம் நாட்டில் நெடுங்காலம் கைந்நூலாக விளங்கியது. நுண்கணிதம் மிகுதியும் வேண்டாதது. ஆயினும் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்குவோர் பதிப்பைப் பார்க்கவேண்டும். முதற் பதிப்புகள் சென்ரிமீற்றர், கிராம் அலகுகளில் அமைந்தவை. விசை தைனில் வரும். நூறாயிரம் தைன் ஒரு நியூற்றன். நுண்கணிதம் கைவந்தோர்க்கு ஹலிடே, ரெஸ்னிக் நூல் (1960) தக்கது.

எந்நூலாயினும், விலை கொடுக்குமுன் வட்ட இயக்கம் பற்றிய அத்தியாயத்தைக் கடையிலேயே விரித்துப் பார்க்கலாம். கதி மாறாது சுற்றும் பொருளுக்கு மையத்தை நோக்கி ஆர்முடுகல் ஏன் உண்டாகிறது என்று படம் வரைந்து காட்டிய பின், கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுக்கச் சொல்கிறதா, எடுத்த எடுப்பிற் சூத்திரத்தைத் தருகிறதா? பின்னது வகுப்பிற் கேட்டவனுக்கு நினைவூட்டப் போதும். தனியே கற்பவனுக்குப் போதாது.