கடற்சூழல் கண்காணிப்புப் பயிற்சி

சமுத்திர நீரிலும் அடிமண்ணிலும் உயிர்களிலும் காலப்போக்கில் நேரும் மாறுதல்களை அளந்து மதிப்பிட விஞ்ஞானிகளைப் பழக்குவது கடற்சூழல் கண்காணிப்புப் பயிற்சி எனப்படும். ஒரே கடல் பல தேசங்களின் கரைகளைத் தொடுவதால், ஒரு துறைமுகத்தில் ஒருவர் எடுத்த அளவு மற்றொரு துறைமுகத்தில் வேறொருவர் எடுத்த அளவோடு ஒப்பிடத் தக்கதாயிருக்க வேண்டும் என்னும் நிர்ப்பந்தமே இதன் சரித்திரத்தை நடத்தி வந்திருக்கிறது.

1902ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் சர்வதேசக் கடலாராய்ச்சி மன்றம் தோன்றிய காலத்தையொட்டி, மார்ட்டின் நூட்சன் என்னும் டேனிஷ் பௌதிக சாஸ்திரியின் முயற்சியால், உவர்ப்பு நிச்சயிக்கப்பட்ட கடல்நீரைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. நீர் ஒன்றானால் போதுமா, அளக்கும் கையும் பழக வேண்டாமா? நார்வேயில் பெர்கன் நகரத்து அரும்பொருட்சாலை 1903 முதல் 1913 வரை அயல்நாட்டவரையும் சேர்த்துக்கொண்டு கடலாராய்ச்சி வகுப்புக்களை நடத்தியது.

அத்தகைய கைப்பழக்கம் எத்துணை நுட்பமானது என்பதற்கு, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்க ஹங்கேரிய ரசாயனி லாயோஷ் விங்க்ளர் 1888இல் வகுத்து இன்றளவும் கற்பிக்கப்பட்டு வரும் முறையே சான்று. மாணாக்கன் ரப்பர்க் குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, நீர் நிறைந்து வழியும்படி செய்து, குமிழி ஒன்றும் தங்காமல் மூடவேண்டும். மாங்கனீஸ் உப்பும் காரத்தோடு கூடிய அயோடைடும் சேர்த்தவுடன் பழுப்பு நிற வீழ்படிவு மேகம்போல் இறங்கும். அமிலத்தில் அது கரைந்து அயோடின் பிரிந்தபின், தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் கணத்தில் நிறுத்தவேண்டும். ஆரம்பத்தில் குமிழி தங்கியிருந்தால் காற்றின் பிராணவாயு கடலின் கணக்கில் ஏறிவிடும். பிறகு எவ்வளவு நிதானமாய்ச் சொட்டினாலும் பயனில்லை.

அணுகுண்டுப் பரிசோதனைகளால் பரவிய கதிரியக்கமும், ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரச நோயும், கடலை அறிவதோடு அதற்குக் காவலிருக்கவும் வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்தின. 1961இல் சர்வதேச அணுசக்தி நிறுவனம் மொனாக்கோவில் கடற்கதிரியக்க ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நிறுவி, பிற்பாடு கன உலோகம், பூச்சிகொல்லி, எண்ணெய் முதலிய மாசுகளையும் அதன் எல்லைக்குள் கொண்டுவந்து, வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு அங்கே பயிற்சி அளித்தது. உலர்த்திப் பொடித்த மீனையோ சேற்றையோ ஒரே கலவையிலிருந்து பங்கிட்டுப் பல தேசங்களுக்கு அனுப்பி, விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பது அதன் முக்கியமான சேவை.

இத்தகைய ஒப்பீட்டின் அவசியத்தை உணர்த்தியவர்களுள் அமெரிக்கரான கிளேர் பாட்டர்சனைத் தனியே சொல்லவேண்டும். கடல்நீரிலுள்ள ஈயம் என்று அதுவரை பிரசுரமாகியிருந்த அளவுகளில் பெரும்பகுதி, புட்டியிலிருந்தும் கையிலிருந்தும் கப்பலிலிருந்தும் ஒட்டிக்கொண்ட ஈயமே என்று அவர் காட்டியபோது, பல ஆண்டுக் குறிப்பேடுகள் மதிப்பிழந்தன. பயிற்சிக்கு வந்தவன் ரசாயனத்தைத் தொடுமுன் அமிலத்தில் புட்டி கழுவக் கற்பது அதன்பின் வழக்கமாயிற்று.

1975இல் மத்தியதரைக் கடலுக்கென ஐக்கிய நாடுகளின் ஆதரவில் தொடங்கிய மாசுக் கண்காணிப்புத் திட்டத்தில், மொனாக்கோக் கூடம் பயிற்சியோடு கருவிகளைப் பழுதுபார்க்கும் உதவியையும் ஏற்றுக்கொண்டது.